இதர குறிப்புகள்

டர்பனில் ஆறாவது மாடி. திரைச்சீலை இழுத்துவிட்ட அறை.
மூன்று நாற்காலி, மூன்று படிவம், ஒரு ஜாடித் தண்ணீர்.
தமிழ்ப் படம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.
எந்த வசைக்கு எவ்வளவு காரம் என்று
யாராவது சொல்லியாக வேண்டுமே.

வெட்டுக்குத்துக்குக் கட்டம் இருக்கிறது, படுக்கைக்கு இருக்கிறது.
புகைக்கென்று ஒரு கட்டம்
நான் பார்த்த படிவத்தில் இல்லை.
கடைசியில் இரண்டு வரி: 'இதர குறிப்புகள்.'
அங்கேதான் கோடு போட்டு எண்ணினேன்,
நாலு நிமிர்ந்த கோடு, குறுக்கே ஒன்று.

நாயகனுக்கு முன்னால் அவன் புகை வந்து சேர்கிறது.
கொட்டும் மழையிலும் அணையாத ஒன்று.
தங்கை செத்தபோது ஒன்று,
அழாமல் இருப்பதற்கு இன்னொன்று.
படம் முடிந்தபோது முப்பத்தெட்டு.
ஒருவர்கூட இருமவில்லை.

"பதின்மூன்று போதும்," என்றார் பீட்டர்சன்.
"எங்கள் காலத்தில் திரையே தெரியாது, அவ்வளவு புகை.
நான் கெட்டா போனேன்?"
நொம்வுலா தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"என் பையன் பென்சிலை இப்படிப் பிடிக்கிறான்,"
இரண்டு விரலுக்கு நடுவே வைத்துக் காட்டினாள்.
"எட்டு வயது."
பீட்டர்சன் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"கோகிலாம்பாள், நீங்கள்?"

பதினாறு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
மடியிலிருந்த கைப்பை சரிந்தது,
உள்ளே தீப்பெட்டி கலகலத்தது.
மூவருக்கும் கேட்டிருக்கும்.

சொல்லவில்லை, எழுதினேன்:
'ஒன்பதாவது சிகரெட்டில் என் கை
தானாகப் பைக்குள் போனது.
எனக்கு ஐம்பத்திரண்டு.
எனக்கு எந்த முத்திரை குத்துவீர்கள்?'

பீட்டர்சன் இரண்டு முறை படித்தார்.
தன் பதின்மூன்றை அடித்துப் பதினாறு ஆக்கினார்.
ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டார்,
என்னைப் பார்க்காமல்.

ஆறு மணிக்கு, சாட்ஸ்வொர்த் பேருந்து நிற்கும் இடத்தில்,
பள்ளிச் சட்டையைக் கால்சட்டைக்கு வெளியே விட்ட பையன்
"லூஸ், லூஸ்" என்று கூவிக்கொண்டிருந்தான்.
பெட்டி வேண்டாம், ஒன்றே ஒன்று, மூன்று ராண்ட்.
"உனக்கு என்ன வயது?"
"ஏன் ஆன்ட்டி, நெருப்பு வேண்டுமா?"

கடல்காற்றுக்கு முதுகைக் கொடுத்து
இடதுகையைக் கிண்ணமாக்கி
ஒரு கண்ணைச் சுருக்கிப் பற்றவைத்துக் கொடுத்தான்,
மழைக் காட்சியில் அவன் செய்தானே, அச்சாக அப்படியே.

அந்தப் படம் வெளிவர
இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.