இன்மை அறிக்கை

சுற்றறிக்கை வந்தது செவ்வாய்க்கிழமை.
காலாவதியான அறிக்கைகளைக் கண்டறிந்து
பத்து நாளைக்குள் பட்டியலிடுக,
மூன்று பிரதிகளில்.
மூன்று என்ற இடத்தில் பிரான்சிஸ் சார் சிரித்தார்.
நான் பீரோ சாவியை எடுத்தேன்.

மஞ்சக்குப்பம் கோட்ட அலுவலகத்திலிருந்து
மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள்
அறுபத்து மூன்று அறிக்கை போகிறது.
அறுபத்து மூவர் என்போம் எங்களுக்குள்.
ஒருவர் புறப்பாடு தவறினாலும்
விளக்கம் கேட்டு ஓலை வரும்.

படிவம் ஒன்பது:
கம்பம் ஏற்றப் பிடித்த மாட்டுவண்டி எத்தனை,
ஒற்றை மாடா, ஜோடியா.
இன்மை.
படிவம் இருபத்திரண்டு:
துணைமின் நிலையத்தில் எரிந்த மண்ணெண்ணெய், லிட்டரில்.
இன்மை.
படிவம் நாற்பது:
தந்தி மூலம் வந்த புகார்கள்.
தந்தியே செத்துப்போனது. அதற்கு நான்
மாதம் தவறாமல் திவசம் கொடுத்துவருகிறேன்.

அப்புறம் அந்தத் தினசரி.
தானே புயலுக்கு மறுநாள் தொடங்கியது.
இன்று சாய்ந்த கம்பம், நேற்றுவரை சாய்ந்தது, ஆகக் கூடுதல்.
முதல் தாளில் பெரிய பெரிய எண்கள்,
எழுதியவர் கை நடுங்கியிருக்கிறது.
தானே வந்தது, தானே போனது.
அறிக்கை மட்டும் தானே நிற்காது,
யாராவது நிறுத்து என்று சொல்ல வேண்டும்.
நான் வேலையில் சேர்ந்த அன்று, மாலை நாலு மணிக்கு
என் முதல் இன்மையை ஃபேக்ஸில் நுழைத்தேன்.
பதினோரு வருடம் ஆகிறது.

விழுப்புரத்தில் யார் வாங்குகிறார்கள் இதை?
போன் போட்டேன். அஞ்சலாட்சி பேசறேன் என்றார்.
"நீங்கதானா அது!
மையில ஒரு சுழி கூடப் போடுவீங்களே."
படிப்பீங்களா, என்றேன்.
"கட்டி வைப்பேன்," என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்தொன்றைச் சிவப்பு பென்சிலால் அடித்தேன்.
காகிதப் பூச்சி, துரு, சிப்காட் பக்கக் காற்று,
எல்லாம் மூக்கில் ஏறியிருந்தது.
தும்மிக்கொண்டே முப்பத்தொன்றைப் பிரித்தேன்.

மின்விபத்துப் படிவம்.
கட்டங்கள்: நிரந்தரப் பணியாளர். பொதுமக்கள்.
பசு. எருமை. ஆடு. இதர கால்நடை.

போன ஐப்பசி
தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில்
உப்பு தின்ற பீங்கானை மாற்ற
கலிவரதன் ஏறினார்.
லைன் நிறுத்தியாச்சு என்று சொன்னார்கள்.
அவர் இறங்கவில்லை. இறக்கினார்கள்.

கலிவரதன் ஒப்பந்தக் கூலி.
பணியாளர் கட்டத்தில் போட்டால்
பணியாளர் எண் எங்கே என்பார்கள்.
பொதுமக்களில் போட்டால்
வாரியக் கம்பத்தில் அவருக்கென்ன வேலை என்பார்கள்.
மாட்டுக்கு இரண்டு கட்டம் இருந்தது.
அந்த மாதம் என்ன எழுதியிருக்கிறேன்?
கோப்பைப் புரட்டினேன்.
என் கைதான்.
மையில் ஒரு சுழி கூட.

பட்டியலின் கடைசியில் தட்டச்சு செய்தேன்:
படிவம் முப்பத்தொன்று, நீக்க வேண்டாம்.
ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்.
மாதிரிப் படிவத்தில் ஸ்கேல் வைத்து
பசுவுக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தேன்.
பேனா அழுந்தி அடித்தாளிலும் விழுந்தது.

"குறைக்கத்தானே சொன்னாங்க," என்றார் பிரான்சிஸ் சார்.
ஹபீபுன்னிசா மேடம் வெகுநேரம் பார்த்தார்.
"இது அவங்க கேட்டது இல்லையே?"
"இல்லைங்க மேடம்."
பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.
மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்.
தேதி போடவில்லை.

மணி நாலு.
உத்தரவு வரும்வரை தினசரி போயாக வேண்டும்.
வெளியே கெடிலம் பக்கம் ஒரு இலை அசையவில்லை.
இன்று சாய்ந்த கம்பம் என்ற இடத்தில்
சுழி இல்லாமல் எழுதிப் பார்த்தேன்.
வரவில்லை.