நிறுவல் குறிப்பு

காக்கி புக்கிட், ஆறாம் மாடி, சனிக்கிழமை.
ஒரு மணிக்கு ஏர்கோனை நிறுத்திவிட்டார்கள்.
நாளை தேசிய தினம்; எதிர் புளோக்கில்
தாழ்வாரமெல்லாம் சிவப்பும் வெள்ளையும்.
இழுப்பறைப் பிடியில் தொங்குகிறது
பையில் கட்டிய கோப்பி-ஓ.
முன்னால் ஒரு புது மடிக்கணினி,
அட்டைப்பெட்டி வாசம் போகாதது.

"யார் வேண்டுமானாலும் செய்கிற மாதிரி
படிப்படியாக எழுதிக் கொடுங்கள், குணாளன்"
என்றார் மெலிசா கோ.
யார் அந்த யார் என்று நான் கேட்கவில்லை.
ஹனோயில் நாலு பேர் என்று
லிஃப்டில் காதில் விழுந்திருந்தது.

பதினாலு வருடமாக
குளிர்கிடங்கின் பெட்டிகளுக்கு நாள் குறிப்பது
நான் எழுதிய நிரல்தான்.
நிறுவுவது என் வேலை.
நிறுவனம் அவர்களுடையது.
ஒரே வேர்ச்சொல்தான், என்ன செய்ய.

படி ஒன்று. படி இரண்டு. படி மூன்று.
தட்டச்சு வழுக்கிக்கொண்டு போனது.
நான்காவதில் விரல் நின்றது.

ஃபிரேம்வொர்க் இரண்டு பதிப்பு வேண்டும்.
நிரலுக்கு ஆறு.
லேபிள் அச்சிடும் கிழட்டு இயந்திரத்துக்கு
இரண்டு புள்ளி ஏழு; அதற்கு வேறெதுவும் காது கேட்காது.
யாராக இருந்தாலும் புதியதைத்தான் முதலில் போடுவார்கள்.
போடலாம்.
பிழைச்செய்தி வராது, சிவப்பு வராது,
பச்சை டிக் வரிசையாக விழும்.
தேதியில் மட்டும்
நாளும் மாதமும் சத்தமில்லாமல் இடம் மாறிக்கொள்ளும்.

ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி
கிடங்கிலிருந்து சுல்கிஃப்லி அழைத்தான்:
"அபாங், இந்த இறால் எல்லாம்
போன பிப்ரவரியிலேயே செத்திருக்கிறதே?"
டிசம்பர் இரண்டு, பிப்ரவரி பன்னிரண்டாகி
நானூறு பெட்டியில் ஒட்டியிருந்தது.
முறுக்கு மாவு காய்ந்த விரலோடு
கழற்றினேன், போட்டேன், கழற்றினேன்.
விடியும்போது பிடிபட்டது:
பழையது முதலில். அதன்மேல் புதியது.
ஏன் என்று இன்றுவரை தெரியாது.
எங்கேயும் எழுதி வைக்கவுமில்லை.

சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன்.
இன்று அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போது
சோம்பல் மட்டும்தானா என்று சந்தேகம்.

சரி, பார்ப்போம் என்று
புதியதை முதலில் போட்டேன், வேண்டுமென்றே.
பிறகு பழையது.
ஒரு லேபிள் அடித்தேன்.
08/08.
சிரித்துவிட்டேன்.
தப்பும் சரியும் ஒரே முகத்தோடு வருகிற நாள்
மாதத்துக்கு ஒன்று உண்டு.
இப்படியே மூடிக் கொடுத்தால்
மெலிசா கோவும் சோதிப்பார், தேறும்.
நாளை விடுமுறை, திங்களும் விடுமுறை.
செவ்வாய்க்கிழமை ஹனோயில் ஒருவனுக்கு
தொலைபேசி அடிக்கும்.
அவனுக்கும் ஏதாவது பண்டிகைக்கு முந்தின ராத்திரி வரும்,
விரலில் ஏதாவது மாவு இருக்கும்.

கோப்பி-ஓவை உறிஞ்சினேன். ஆறிப்போயிருந்தது.
இரண்டையும் கழற்றினேன்.
பழையதைப் போட்டேன். மறுதொடக்கம்.
புதியதைப் போட்டேன். மறுதொடக்கம்.
கணினியின் கடிகாரத்தை ஒரு நாள் தள்ளி வைத்து
மறுபடி அடித்தேன்.
09/08.
ஒரு நாள் முன்கூட்டியே வந்த தேசிய தினம்,
பின்னால் பசையோடு.

நான்காம் படியை எழுதினேன்.
வரிசை மாறக்கூடாது என்று எழுதி
தடித்த எழுத்தாக்கினேன்.
சந்தேகமிருந்தால் அழைக்கவும் என்று
கைப்பேசி எண்ணையும் சேர்த்தேன்.
எதற்கு?
கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தபோது
கீழே லாரி ஒன்று பின்னுக்கு வந்து
பீப் பீப் என்றது; எட்டிப் பார்த்தேன்.
கோப்பை அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்,
முதல் எண் அங்கேயே நிற்கிறது.
தனியாக, ஓர் எட்டு.

இருக்கட்டும்.
அதையும் ஏதோ ஒரு பதிப்பென்று நினைத்து
யாராவது கொஞ்ச நாள் தேடுவார்கள்.