பார்வை வாத்து

அறுநூற்று நாற்பது வெள்ளி.
கப்பல் கூலி தனி.
மேரிலாந்திலிருந்து ஒரு மர வாத்து
பிடோக் நார்த் பத்தாவது மாடிக்கு
மின்தூக்கியில் ஏறி வந்தது,
பிறந்தநாள் கேக் போல
என் இரண்டு உள்ளங்கைகளில்.

எதிர்வீட்டு மேடம் சியூ லான் எட்டிப் பார்த்து
"சமைக்கவா?" என்றார்.
"பார்க்க" என்றேன்.
"பார்க்க."
கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

ஏற்கெனவே ஒரு தகரச் சேவல் உண்டு,
ஏதோ ஒரு களஞ்சியத்தின் உச்சியில்
காற்றின் திசை காட்டியது.
மாடத்துக்கு வெளியே மாட்டக் கூடாதென்று
நகர மன்றம் இரண்டு கடிதம் போட்டதால்
இப்போது தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று
மின்விசிறியின் திசை காட்டுகிறது.

வாத்து வேறு வகை.
ஏரியில் மிதக்கவிட்டு
மேலே பறப்பவற்றை நம்பவைத்து இறக்க,
நாணலுக்குள் துப்பாக்கியோடு ஒருவன் காத்திருக்க.
மரத்தில் பட்டை இருக்கிறதா, பூச்சி இருக்கிறதா
என்று கேட்ட சுங்கத்துறை
இதைக் கேட்கவில்லை.

நம்மிடம் ஒரு பழைய சொல் உண்டு.
மானைக் காட்டி மான் பிடிக்க
பறவையைக் கட்டிப் பறவை பிடிக்க
வேடன் பழக்கி வைத்திருந்ததற்குப் பெயர்
பார்வை.
கண் செய்யும் வேலைக்கும் அதே பெயர்.
அகராதியில் இரண்டும் ஒரே பத்தியில்
முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கின்றன.

துவாஸில் இரவுப்பணி எனக்கு.
குழாய் மூட்டுகளைக் கதிர்ப்படம் எடுத்து
பற்றவைப்புக்குள் காற்று ஒளிந்திருக்கிறதா என்று சொல்வேன்.
பதினோராம் நாள்
இரண்டு குழாய்களுக்கு நடுவே வாத்தை வைத்தேன்.
"இது எந்த வேலை எண்?" என்றான் சுஃபியான்.
ஏதோ ஒன்றைச் சொன்னேன்.
அவன் எழுதியே விட்டான்.

திரையில்
நெஞ்சுக்குள் ஏழு ஈயக் குண்டுகள்.
யாரோ இதைச் சுட்டிருக்கிறார்கள்.
நம்பிச் சுட்டார்களா, சலித்துச் சுட்டார்களா,
படத்தில் அது விழாது.
கழுத்தில் ஒரு திருகாணி.
மேலிருந்து எடுத்த படத்தில் அதன் தலையில்
சுத்தமான கூட்டல் குறி.
விற்றவர் சொன்ன வருடத்தில்
அப்படி ஒரு திருகாணி பிறந்திருக்கவில்லை.

"தலை வேற, உடம்பு வேற" என்றான் சுஃபியான்,
குழாயைப் பற்றிச் சொல்வதுபோல.

டேல் ஹோஸ்டெட்டருக்கு எழுதினேன்.
வண்ணம் முழுக்க அசல், என்று பதில் வந்தது.
தலையைப் பற்றி ஒரு வரி இல்லை.
பிடிக்காவிட்டால் பதினான்கு நாளுக்குள் திருப்பலாம்,
அன்புடன், டேல்.

பதின்மூன்றாம் நாள், ஞாயிறு,
நீர்த்தேக்கத்துக்கு எடுத்துப்போனேன்.
விலங்குகளை இங்கே விடாதீர்கள்:
பலகையை நான்கு மொழியிலும் படித்தேன்.
எதிலும் மரம் இல்லை.

தூண்டில் நரம்பில் கட்டி இறக்கியதும்
இடப்பக்கம் சாய்ந்து
ஒரு கணம் என்னைப் பதறவைத்து
நிமிர்ந்தது.
வயிற்றடி ஈயத்துக்கு வேலை மறக்கவில்லை.
வேறொரு பறவையின் தலை
இந்தத் தண்ணீரை முதன்முதலாகச் சுற்றிப் பார்த்தது.

ஓர் உடும்பு நீந்தி வந்தது.
நாக்கை நீட்டி அலகைத் தொட்டது.
இரண்டாம் முறை தொடவில்லை.

ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆள் நின்றார்,
வியர்வை சொட்டச் சொட்ட.
"அசையவே மாட்டேங்குது, அடிபட்டிருக்கு போல"
என்று விலங்கு உதவி எண்ணைத் தேடினார்.

நரம்பு என் விரலில் சுற்றியிருந்தது.
சொல்லியிருக்கலாம்.
எதிர்முனையில் யாரோ எடுத்துவிட்டார்கள்,
அவர் விவரிக்கத் தொடங்கினார்:
பழுப்பு நிறம், கழுத்து கொஞ்சம் விறைப்பு,
பாவம், கண் மட்டும் திறந்திருக்கிறது.

அவ்வளவு கவனமாக
நான்கூட அதைப் பார்த்ததில்லை.