சிவப்பு விழும்போதெல்லாம்

கெமி ஊரில் மார்ச் மாதம், மைனஸ் பதினெட்டு.
என் சாப் காருக்கு முப்பத்தைந்து வயது.
ஓடவிட்டால் எப்படியோ ஓடிவிடும்.
நிற்கச் சொன்னால்தான் நடுங்கும்.

சிக்னலில் சிவப்பு விழும்போதெல்லாம்
என் வலது கால் பாதி பிரேக்கில், பாதி ஆக்ஸிலேட்டரில்.
ஸ்டீயரிங்கில் ஏறிய உதறல்
முழங்கை வரை வரும்.
ஆர்பிஎம் முள் எண்ணூறுக்கும் ஐந்நூறுக்கும் நடுவே ஊசலாடி
ஒருநாள் நூலகத்துக்கு எதிரே
அப்படியே அணைந்தது.
பின்னால் நின்ற பனி அள்ளும் வண்டிக்காரர்
ஹாரன்கூட அடிக்கவில்லை.
அந்தப் பொறுமைதான் தாங்க முடியவில்லை.

ஆளுக்கொரு நோய் சொன்னார்கள்.
ப்ளக் என்றார் மாடிவீட்டு ஓஸ்மோ.
நான்கையும் மாற்றினேன்; பழையவை
பிஸ்கட் நிறத்தில் நன்றாகவே இருந்தன.
கேபிள் என்றான் தங்கை கணவன்.
ஐடில் வால்வைக் கழற்றிக் கழுவு என்றாள்
ஆலையில் என்னோடு ஷிப்ட் பார்க்கும் சைமி.
கழுவினேன். ஒரு கிண்ணம் கறுப்பு வந்தது.
கழுவிய சந்தோஷம் இரண்டு நாள் நின்றது.
குருட்டாம்போக்கில் எறிந்த கற்களுக்கு
இருநூற்றுப் பதினோரு யூரோ.

டர்போ செத்துவிட்டது என்றது
டோர்னியோ சாலை ஒர்க்‌ஷாப்.
குழாயைக் கழற்றி, விரல் விட்டு,
தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்.
அசையவில்லை. எண்ணெய்க் கசிவும் இல்லை.
சாவுச் செய்தி பொய்.

நிற்கையில் மிஸ்ஸிங்.
மிதித்தால் கறும்புகை, பிக்கப் கிடையாது.
இரண்டு நோய் என்றே ஒரு வாரம் நினைத்தேன்.
இரவு ஷிப்டில், கூழ்க் குழாய்களின்
அழுத்த அளவுகளை எழுதிக்கொண்டிருந்தபோது
பேனா நின்றது.
ஒரே ஓட்டை.

எஞ்சின் சும்மா நிற்கையில் அது உறிஞ்சும்:
கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும்.
டர்போ ஊதுகையில் அதுவே துப்பும்:
கணக்கில் எழுதிய காற்று வெளியே போகும்.
நிற்கும்போது திருட்டு, ஓடும்போது தானம்.
இப்படி ஒருவனோடு, டாய்ஸ்தோவுக்கு முன்னால்,
ஆறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.
எனக்கே முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எங்கே?
ஓடவிட்டு சோப்புத் தண்ணீர் தெளிக்கப் போனால்
குப்பியின் மூக்கிலேயே உறைந்தது.
புகைதான் வழி. புகைக்கு எங்கே போவது?
டாய்ஸ்தோ சிகரெட்டை விட்டு
இரண்டு வருஷம் நான்கு மாதம்.
அலமாரியில் ஒரே ஒரு சுருட்டு,
என் மகன் பிறந்தபோது யாரோ கொடுத்தது.
அவனுக்கு இப்போது மீசை இருக்கிறது.

காற்று வரும் வாயில் கையுறையைத் திணித்தேன்.
பிரேக் பூஸ்டர் குழாயைக் கழற்றி
பிறந்ததிலிருந்து முதல்முறையாகச்
சுருட்டு இழுத்து, இருமி, கண் கலங்கி,
எஞ்சினுக்குள் ஊதினேன்.
இழுத்தேன். ஊதினேன். திட்டினேன். இழுத்தேன்.
ஆறாவதோ ஏழாவதோ வாயில்
மேனிஃபோல்டின் அடிவயிற்றில்,
கை போனால் கண் போகாத இடத்தில்,
ஒற்றை நரைமயிர்போலப்
புகை எழுந்தது.

சுண்டுவிரல் நீள ரப்பர்க் குழாய்.
வளைத்ததும் அப்பளமாய் நொறுங்கியது.
விலை இரண்டு யூரோ நாற்பது.

டாய்ஸ்தோ வந்து மோப்பம் பிடித்தான்.
"யார் புகைத்தது?"
"கார்" என்றேன்.
அவன் கராஜ் நடுவில் நின்று
தேவைக்கு மேல் இரண்டு மூச்சு இழுத்தான்.
நான் பார்க்காத மாதிரி
கிளிப்பை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை, நூலகத்துக்கு எதிரே, சிவப்பு.
ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.
முள் எண்ணூற்றைம்பதில் போய்க் குந்தியது.
எழவே இல்லை.
கோப்பையில் மிச்சமிருந்த காப்பியின் மேல் மட்டும்
எப்போதாவது ஒரு சின்ன வளையம்.
எந்த சிலிண்டர்?
அடுத்தது வருகிறதா என்று
குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ,
பின்னால் ஹாரன்.