பாலிமர் இல்லாத குப்பி

நகைக்கடைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.
தங்கம் மஞ்சளில்லை.
ஒரு தலைமயிரின் தடிமனில்
ஐயாயிரத்தில் ஒரு பங்காக்கிப் பாருங்கள்,
மாதுளைச் சாறு.

யஷ்வந்த்பூர், இரண்டாவது மாடி, காலை பதினொன்று.
இரண்டு பாலிமர்கள்.
இரண்டும் தண்ணீரில் தண்ணீர்போல.
ஒன்றுக்கொன்று பிடிக்குமா என்று
ஒன்றரை வருடமாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
வாய் இல்லாதவை. ஆகவே
ஆளுக்கொரு பொடித் தங்கம் கட்டிவிட்டேன்.
நெருங்கினால் நீலம்.
விலகி நின்றால் அதே சிவப்பு.
ஏற்பாடு இவ்வளவுதான்.

"நீலி ஆய்து!" என்றாள் கெம்பம்மா,
பீக்கர் கழுவிய ஈரக்கையோடு.
ஆகித்தான் இருந்தது.
கைடுக்குப் படம் அனுப்பினேன்.
டெல்லி மாநாட்டிலிருந்து மூன்று பட்டாசு வந்தது.
கேன்டீனில் ஏழு பேருக்கு மத்தூர் வடை,
என் கணக்கில்.

திரும்பி வந்தால்
ரேக்கின் கோடியில்
பாலிமரே ஊற்றாத குப்பியும்
நீலமாய் நிற்கிறது,
அழைக்காத கல்யாணத்தில்
முதல் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி.

சுத்தநீர் மெஷின் சனிக்கிழமையே நின்றுவிட்டதாம்.
கடைசி அலசல் டேங்கர் தண்ணீரில்.
ஆயிரத்து இருநூறு அடி ஆழத்திலிருந்து
இந்த ஊர் உறிஞ்சும் உப்பு.
உப்புப் பட்டால் தங்கம்
யாரென்று பார்க்காமல் ஒட்டிக்கொள்ளும்.

"கொட்டிவிடவா?" என்றாள்.
பிறகு அவளே,
"தங்கமாயிற்றே, எப்படிக் கொட்டுவது?"
பெயரிலேயே சிவப்பை வைத்திருப்பவள்
நீலக் குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.
நான் கைடுக்கு எழுதினேன்.
ஒரு 'ஓகே' வந்தது. பட்டாசு இல்லை.

மறுபடி ராஜதிராவகம்.
மறுபடி அலசல், இம்முறை நானும் கூட நின்று.
திங்கள் சிவப்பு. செவ்வாய் சிவப்பு.
புதன் கரண்ட் இல்லை.

வியாழன் மூன்றே கால்.
எட்டாவது குப்பி நீலமாகவில்லை,
சிவப்பாகவும் இல்லை.
கத்தரிப்பூ.
பிடித்திருக்கிறது போலும், கொஞ்சம்.

யாருக்கும் படம் அனுப்பவில்லை.
கெம்பம்மாவை மட்டும் கூப்பிட்டேன்.
கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள்
எட்டாவதைப் பார்க்கவே இல்லை.
குனிந்து
கோடிக் குப்பியைப் பார்த்தாள்.

மாதுளை.