உறுப்பினர் நிலை

பொத்தானை அழுத்தினால் விசிறி சுழல்கிறது.
அதற்கு மேல் அதற்கு ஒன்றும் ஞாபகமில்லை.
ஒரு நீளம், இரண்டு குட்டையாய்
மூக்கடைத்த பறவைபோல் கத்துகிறது,
திரை கறுப்பாகவே கிடக்கிறது.

ஞாயிறு காலை பத்துக்குப் பொதுக்குழு.
மெரிபேங்க் தகன உதவிச் சங்கத்தின்
பத்தொன்பது வருடக் கணக்கும்
இந்தப் பழுப்பேறிய பெட்டிக்குள்.
நான் பொருளாளர். நகல் எடுத்து வைக்காத பொருளாளர்.
மாலில் கடைக்காரப் பையன்
திறந்து பார்க்கவே அறுநூற்றைம்பது ராண்ட் என்றான்.
செயலாளர் சாக்ரன் தொலைபேசியில்
"தூக்கிப் போடுங்கள் மிசஸ் பெருமாள்,
இதையும் சங்கச் செலவில் தகனம் செய்துவிடலாம்"
என்று அவரே சிரித்துக்கொண்டார்.

லோட் ஷெடிங், இன்றிரவு நான்காம் நிலை.
எங்கள் தெருவுக்குப் பத்து மணிக்கு.
இப்போது எட்டே முக்கால்.

பக்கத்துத் தகட்டின் நான்கு திருகாணிகளை
மாங்காய் அச்சார் புட்டியின் மூடியில் போட்டேன்.
உள்ளே
சுத்திகரிப்பு ஆலை எங்கள் ஜன்னலுக்கெல்லாம் அனுப்புகிற
அதே கரி, கொஞ்சம் சாம்பிராணி வாசம்,
ஒரு பல்லி முட்டை, ஓடு மட்டும்.
பெயின்ட் பிரஷால் கூட்டினேன்.
இருபுறக் கொக்கியையும் தள்ள
நினைவகப் பட்டை எழும்பி வந்தது.
அதன் தங்க நிறப் பற்களில் கறை.
பென்சில் ரப்பரால் தேய்த்தேன்,
பள்ளியில் தப்புக் கணக்கை அழித்த அதே ஆத்திரத்தோடு.
திரும்பப் பொருத்தும்போது
எவ்வளவு அழுத்துவது என்று யாரும் சொல்வதில்லை.
உடையப்போகிறது என்று பயம் வரும் வரை,
அதற்கு மேலும் கொஞ்சம்.
டக்.

ஒரே ஒரு குட்டைச் சத்தம். அது நல்ல சத்தம்.
கறுப்பில் வெள்ளை எழுத்து:
தேதியும் நேரமும் தொலைந்துவிட்டன.
தொடர எஃப் ஒன்றை அழுத்தவும்.

தொடர்ந்தேன்.
மூலைக் கடிகாரத்தில் ஜனவரி ஒன்று, 2002.
இந்தப் பெட்டி என் வீட்டுக்கு வருவதற்கும் முந்திய வருடம்.

கணக்குத் தாளைத் திறந்தேன்.
இன்றைய தேதியைப் பார்த்துத் தானே கணக்கிட்டுக்கொள்ள
நான்தான் சூத்திரம் எழுதியிருந்தேன், பெருமையோடு.
அது கணக்கிட்டிருந்தது.
திவேஷன் கோவெண்டருக்கு வயது மைனஸ் நான்கு.
கடைசிப் பத்தியில் 'காலமானார்' என்றிருந்த
அறுபத்தொரு பேரும் 'உறுப்பினர்'.
இறந்த தேதிகள் பக்கத்துக் கட்டத்தில் அப்படியே இருந்தன,
இனிமேல்தான் வரவேண்டிய தேதிகளாக.
தலைக்கு முப்பது ராண்ட் வீதம்
இந்த மாத வசூலில்
ஆயிரத்து எண்ணூற்று முப்பது கூடுதல்.

பூபாலன் மூட்லி,
தாமதக் கட்டணம் இரண்டு ராண்டுக்காக
நாலு மாதம் என்னோடு பேசாதவர். உறுப்பினர்.
கனகம்மா படையாச்சி, உறுப்பினர்.
அவர் வீட்டு நாயைக்கூட நினைவிருக்கிறது.
கோகிலவாணி, என் அக்கா. 2012, ஆகஸ்ட்.
உறுப்பினர். பாக்கி இல்லை.

பென் டிரைவைச் செருகினேன்.
ஒன்பது நாற்பதுக்கு நகல் ஊர்ந்து முடிந்தது.
இதற்கு மேல் இங்கே ஒரு வேலையும் இல்லை.
நூலகக் கணினிக்கு இன்றைய தேதி தெரியும்;
அங்கே திறந்ததும்
எல்லோரையும் அதுவே சரிசெய்துவிடும்.
அச்சடித்து ஞாயிறன்று மேசைமேல் வைக்கலாம்.

ஆனாலும் அணைத்தேன்.
குளியலறை எடைக் கருவியிலிருந்து
காசு போன்ற பேட்டரியைக் கழற்றி வந்து
செத்துப்போனதன் இடத்தில் வைத்தேன்.
(கடைக்குப் போகும் வரை நான் எடையில்லாதவள்.)
நீலத் திரையில் ஆண்டை மாற்ற
கூட்டல் விசை மட்டும்தான்:
ஒரு தட்டுக்கு ஒரு வருடம்.
மூன்று.
நான்கு.
வேகமாகத் தட்டலாம். தட்டவில்லை.

தெரு மொத்தமும் ஒரேயடியாக இருண்டது.
பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் கீச்சிட்டது.
எதிர்வீட்டு டெஸ்மண்ட் வழக்கம்போல்
மின்வாரியத்தைத் தாயோடு சேர்த்துத் திட்டினார்.
எந்த வருடத்தில் நிறுத்தினேன் என்று கவனிக்கவில்லை.
பன்னிரண்டை எட்டவில்லை, அது மட்டும் தெரியும்.

டார்ச்சைத் தேடி எழுந்ததில்
அச்சார் மூடி காலில் தட்டிக் கவிழ்ந்தது.
நான்கில் மூன்று திருகாணிகள் கிடைத்தன.