கிடைத்த இடம்

மின்கணக்கு எடுப்பவன் நான்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கோத்தகிரிச் சரிவில் அறுநூறு பெட்டிகள் திறப்பேன்.
பத்துக்கு ஒன்றில்
எண்களின் கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும்
கட்டைவிரல் நகமளவு தவளை.
எண் மறைகிறது, நகரு என்பேன்.
நகராது.

குன்னூர் மாதா கோவில் வளாகத்தில்
பழைய புத்தக விற்பனை.
எதுவானாலும் முந்நூற்றைம்பது.
என்னிடம் நானூறு;
ஐம்பது, பஸ்ஸுக்கும் டீக்கும்.

ஒன்று மெலிந்தது. அட்டையில் பச்சைத் தவளை,
என்னை மட்டும் பார்த்துச் சிரிப்பதுபோல்.
நின்றபடியே நாற்பது பக்கம் போய்விட்டது.
தோலால் தண்ணீர் குடிக்கிறதாம்.
விழுங்கும்போது கண்ணை உள்ளே இழுத்து
இரையைத் தள்ளுகிறதாம்.
எங்கோ ஒரு வடதேசத்தில்
குளிரில் கல்லாய் உறைந்து
நெஞ்சு நின்றுபோய்க் கிடக்கிறது ஒரு தவளை –
அங்கே சில்வெஸ்டர் வந்து
"வாங்குறதா, வாசிக்கிறதா?" என்றார்.

மற்றது செங்கல்.
படமே இல்லை; கோட்டில் வரைந்த கால்கள் சில.
நாசிக்கும் கண்ணுக்கும் இடையே 2.1 மி.மீ.
விரல்நுனித் தட்டு அகன்றதெனில் 34க்குச் செல்க;
இல்லையெனில் 37.
முப்பத்துநான்குக்குப் போனேன்.
அங்கிருந்து ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினார்கள்.
தாலுகா ஆபீஸ் நினைவு வந்தது.

மூடப் போனவன் கண்ணில்
அட்டவணையின் அடிவரி, பொடி எழுத்தில்:
கிடைத்த இடம்: கோத்தகிரி. கல்சுவர்.
ஆண், ஒன்று. இரவு ஒன்பது. மழை.

யாரோ ஒருவர்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நோட்டை நனையாமல் பிடித்து
எங்கள் ஊர்ச் சுவரோரம் குந்தியிருக்கிறார்.
வியப்பு என்ற சொல்லை
புரட்டிய பக்கம் எதிலும் காணோம்.

எண்ணைப் படிக்கத் தெரியும் எனக்கு.
நூற்றெண்பது பதினொன்றானால்
பிள்ளைகள் திருப்பூர் போய்விட்டார்கள்.
பூஜ்யம் திடீரென நாற்பதானால்
யாரோ திரும்பி வந்து கீசர் போடுகிறார்கள்.
2.1-ஐயும் அப்படித்தான் படிக்கவேண்டும் போல.

செங்கல்லை வாங்கினேன்.
பஸ்ஸில் மடியில் வைத்ததில் தொடை மரத்தது.
அந்த வடதேசத்துத் தவளை
உருகி எழுந்ததா இல்லையா,
இன்றுவரை தெரியாது.
நாற்பத்தொன்றாம் பக்கத்தை
யார் வாங்கிப் போனார்களோ.

திங்கட்கிழமை, கடைக்கம்பட்டி,
போஜன் வீட்டுப் பெட்டி. யூனிட் பூஜ்யம்.
ஸ்கேலை அருகே கொண்டுபோனேன்.
நாசியில் வைத்தேன்;
கண்ணுக்கு வருமுன் தாவிவிட்டது.

வெள்ளை அட்டையில்
கையெழுத்துக் கட்டத்துக்குள் நெருக்கி எழுதினேன்:
ஒன்று. ஆண் போலிருக்கிறது.
காலை பதினொன்று. தூறல்.